பத்து நிமிடக் கண்காணிப்பு: ஒரு மறுப்பு

சர்வர்களைக் கண்காணிக்கும் கருவிகளைக் கன்டெய்னர்களில் நிறுவுவதே இன்றைய நல்வழக்கம் என்ற கருத்து, கணினிப் பராமரிப்புத் துறையில் ஏறத்தாழக் கேள்விக்கு அப்பாற்பட்டதாகிவிட்டது. அக்கருத்தின் வடிவம் எங்கும் ஒன்றேதான்: அளவீடுகளைத் திரட்டிச் சேமிக்கும் புரோமிதியஸ், அவற்றை வரைபடங்களாகக் காட்டும் கிராஃபானா, சர்வரின் செயலி, நினைவகம், வட்டு, வலையமைப்பு ஆகியவற்றின் நிலையை எண்களாக்கித் தரும் நோட் எக்ஸ்போர்ட்டர், கன்டெய்னர்களின் நுகர்வை அளக்கும் சிஅட்வைசர், எச்சரிக்கைகளை உரியவருக்கு அனுப்பும் அலர்ட்மேனேஜர் ஆகிய ஐந்தையும் டாக்கர் கம்போஸ் கருவிக்குரிய ஒற்றை அமைப்புக் கோப்பில் எழுதி, கண்காணிக்கப்படவேண்டிய அதே சர்வரில் ஒரே கட்டளையால் இயக்கிவிட்டால், பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது என்பதே அது. இதற்குச் சொல்லப்படும் காரணங்கள் மூன்று: கன்டெய்னர் தனிமைப்படுத்துகிறது, ஆதலால் பாதுகாப்பானது, தூக்கி எறிந்துவிட்டு மீண்டும் உருவாக்கத்தக்கது, ஆதலால் பராமரிப்பு எளிது, எந்தச் சர்வரிலும் ஒரே மாதிரி இயங்குவது, ஆதலால் நம்பத்தக்கது. ஓர் இணையதளத்தின் பின்புல மென்பொருளுக்கு இம்மூன்றும் பெரும்பாலும் பொருந்தும். அளக்கும் கருவிக்கு இவற்றில் ஒன்றுகூட அப்படியே பொருந்தாது என்பதும், வலிந்து பொருத்தும்போது எஞ்சுவது கண்காணிப்பின் தோற்றமே என்பதும் இங்கே முன்வைக்கப்படும் வாதம்.

கன்டெய்னர் என்று ஒரு தனிப் பொருள் லினக்ஸில் இல்லை என்பதிலிருந்து தொடங்கவேண்டும். இயங்குதளத்தின் மையப் பகுதியாகிய கெர்னல் தரும் இரண்டு வசதிகளைச் சேர்த்துப் பின்னியதற்கே அப்பெயர் வழங்குகிறது. அவற்றுள் ஒன்றாகிய நேம்ஸ்பேஸ், ஒரு நிரலின் கண்ணுக்கு எவையெவை தென்படவேண்டும் என்பதை வரையறுக்கிறது. அதற்கென்று தனி வலையமைப்பு, தனிக் கோப்பு அடுக்கு, தனி நிரல்பட்டியல் ஆகியவற்றைக் காட்டி, சர்வரின் மற்றவற்றை மறைக்கிறது. மற்றொன்றாகிய சிகுரூப், 2008 ஜனவரியில் வெளியான 2.6.24 கெர்னலில் சேர்க்கப்பட்டது. அது ஒரு நிரல் எவ்வளவு நினைவகமும் செயலி நேரமும் எடுத்துக்கொள்ளலாம் என்பதைக் கணக்கிட்டுக் கட்டுப்படுத்துகிறது. 2013இல் வெளியான டாக்கர் இவ்விரண்டையும் எளிய கட்டளைகளின் பின்னே ஒளித்து, மென்பொருளை அதன் சார்புக் கோப்புகளோடு ஒரே கட்டாகக் கட்டி அனுப்பும் முறையைப் பரப்பியது. ஆக, கன்டெய்னரின் பிறவிப் பணி சர்வரை உள்ளிருப்பவரிடமிருந்து மறைப்பது. நோட் எக்ஸ்போர்ட்டரின் ஒரே பணியோ சர்வரைப் பார்ப்பது. ஒன்றின் உள்ளே மற்றொன்றை வைப்பவர், வைத்த கணமே இரண்டில் ஒன்றின் நோக்கத்தைக் கைவிடவேண்டியிருக்கிறது.

இம்முரண் கருவியை முழுக்கக் குருடாக்கியிருந்தால் கேடு அவ்வளவு இல்லை. யாரேனும் உடனே கவனித்துத் திருத்தியிருப்பர். நடப்பது அதுவன்று. கெர்னல் தன் உள்நிலையைக் கோப்புகளின் வடிவில் காட்டும் புராக் என்னும் அடைவில், நினைவகத்தின் மொத்த அளவும் செயலியின் வேலைப்பளுவும் நேம்ஸ்பேஸுக்கு உட்படாதவை. கன்டெய்னரின் உள்ளிருந்து படித்தாலும் அவை சர்வரின் உண்மையான எண்களையே தருகின்றன. (நினைவக எண்ணின் இந்தக் கசிவால், ஜாவா இயங்குசூழலின் பழைய பதிப்புகள் கன்டெய்னருக்கு விதிக்கப்பட்ட வரம்பை அறியாமல் சர்வரின் முழு நினைவகத்தையும் தமதென்று எண்ணி வீங்கியதும், ஜாவா 10இல்தான் அது முறையாகத் திருத்தப்பட்டதும் துறையினர் அறிந்ததே.) ஆனால் வலையமைப்பின் எண்கள் நேம்ஸ்பேஸுக்கு உட்பட்டவை. எந்தத் தனி ஏற்பாடும் இன்றிக் கன்டெய்னரில் இயக்கப்பட்ட நோட் எக்ஸ்போர்ட்டர், சர்வரின் வலையட்டை வழியே ஓடும் போக்குவரத்தைக் காண்பதில்லை. தன் கன்டெய்னருக்கென டாக்கர் செய்துகொடுத்த மெய்நிகர் இடைமுகத்தை மட்டுமே காண்கிறது. அதன் வழியே செல்வது பெரும்பாலும் புரோமிதியஸ் கேட்கும் கேள்விகளுக்கு அது தரும் விடைகள் மட்டுமே. சர்வரின் புராக் அடைவைக் கன்டெய்னருக்குள் இணைத்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது என்று நம்புவோர் பலர். அவ்வடைவில் உள்ள வலையமைப்புப் பகுதி, படிக்கும் நிரல் எந்த நேம்ஸ்பேஸில் இருக்கிறதோ அதையே காட்டும்படி அமைந்தது என்பதால், இணைத்த பின்னும் எண்கள் மாறுவதில்லை. திரையில் இதன் விளைவு என்னவென்றால், நினைவக வரைபடம் சரியாகவும் செயலி வரைபடம் சரியாகவும் இருக்க, வலையமைப்பு வரைபடம் மட்டும் அமைதியான, நம்பத்தகுந்த தோற்றமுடைய ஒரு பொய்யை வரைந்துகொண்டிருக்கும். பாதி உண்மையோடு கலந்த பொய் என்பதால் அதை ஐயுறத் தோன்றுவதில்லை.

வட்டின் கதை இன்னும் மோசமானது. ஏற்பாடின்றி இயங்கும் அதே கன்டெய்னரில், சர்வரின் வட்டுப் பகுதிகளுள் டாக்கர் தன் கோப்புகளை வைத்திருக்கும் பகுதி மட்டும் ஹோஸ்ட்ஸ் கோப்பு போன்றவை இணைக்கப்பட்ட இடங்களின் பெயரில் விநோதமாகத் தலைகாட்டும். தரவுத்தளத்துக்கென்று தனியே இணைக்கப்பட்ட வட்டு பட்டியலிலேயே வராது. தவறான எண்ணாவது என்றேனும் கண்ணில் படலாம். இல்லாத எண் படுவதில்லை. புரோமிதியஸில் எச்சரிக்கை விதி என்பது, திரட்டப்பட்ட அளவீட்டுத் தொடர்களில் எவை ஒரு நிபந்தனைக்குள் விழுகின்றன என்று தேடும் வினவலே. வட்டில் பத்து விழுக்காட்டுக்கும் குறைவாகவே இடம் எஞ்சினால் எச்சரி என்று விதி எழுதியிருந்தாலும், அவ்வட்டுக்கான தொடரே இல்லாதபோது நிபந்தனைக்குள் விழ எதுவும் இல்லை; விதி என்றென்றும் பச்சை நிறத்திலேயே இருக்கும். தரவுத்தளம் இடமின்றி நிற்கும் நாளிலும் அப்படியே.

இவற்றுக்கெல்லாம் தீர்வு உண்டு என்பது உண்மையே. நோட் எக்ஸ்போர்ட்டரை உருவாக்கியவர்களே தங்கள் அறிமுகக் குறிப்பில், இது சர்வரைக் கண்காணிக்க வடிவமைக்கப்பட்டது என்றும், கன்டெய்னரில் நிறுவினால் கன்டெய்னரையே கண்காணித்துவிடாமல் இருக்கக் கூடுதல் கவனம் தேவை என்றும் எச்சரித்து, அதற்குரிய அமைப்பையும் தருகிறார்கள். அதன்படி, கன்டெய்னர் சர்வரின் வலையமைப்பு நேம்ஸ்பேஸையே பகிரவேண்டும். நிரல்பட்டியல் நேம்ஸ்பேஸையும் பகிரவேண்டும். சர்வரின் கோப்பு அடுக்கு முழுவதும் வேரிலிருந்து உள்ளே இணைக்கப்படவேண்டும். அவ்விணைப்பும், கன்டெய்னர் தொடங்கிய பிறகு சர்வரில் புதிதாக ஏற்றப்படும் வட்டுகள் உள்ளே தெரியும்படி, ஆர்ஸ்லேவ் என்னும் பரவல் முறையில் அமையவேண்டும். கைக்குக் கை நகலெடுக்கப்பட்டுப் புழங்கும் அமைப்புக் கோப்புகள் பலவற்றில் இக்கடைசிச் சொல் விடுபட்டுப்போவதால், பின்னர் சேர்க்கப்பட்ட வட்டு கண்ணுக்குத் தெரியாமலே போகிறது. எல்லாவற்றையும் சரியாகச் செய்தவரோ, வலையமைப்பையும் நிரல்பட்டியலையும் கோப்பு அடுக்கையும் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்துவிட்ட பிறகு, தனிமைப்படுத்தல் என்று தொடக்கத்தில் போற்றியதில் தம்மிடம் என்ன மிஞ்சியிருக்கிறது என்று எண்ணிப் பார்க்கவேண்டும்.

சார்புக் கோப்புகளின் குழப்பத்திலிருந்து விடுதலை என்ற வாதமும் இங்கே செல்லாது. ஒரு மென்பொருளுக்குத் தேவையான நூலகங்களின் பதிப்பு மற்றொன்றின் தேவையோடு மோதும் சிக்கலைத் தீர்க்கவே கன்டெய்னர் கட்டு பெருமளவில் வரவேற்கப்பட்டது. புரோமிதியஸ் குடும்பத்துக் கருவிகளோ கோ மொழியில் எழுதப்பட்டு, சார்புகள் யாவும் உள்ளடங்கிய ஒற்றை இயங்குகோப்பாக வெளியிடப்படுகின்றன. நோட் எக்ஸ்போர்ட்டரை நிறுவுவது என்பது ஒரு கோப்பை உரிய அடைவில் வைத்து, சிஸ்டம்டி என்னும் சேவை மேலாளருக்குச் சில வரிக் குறிப்பு எழுதுவதே. டெபியன், உபுண்டு ஆகியவற்றில் அதுவும் ஆயத்தப் பொதியாகவே கிடைக்கிறது. இல்லாத நோய்க்கு மருந்து வாங்கி, அம்மருந்தின் பக்கவிளைவுக்கு வேறு மருந்து தேடுவது போன்றதே அதைக் கன்டெய்னருக்குள் கொண்டுபோவது.

சிஅட்வைசரிடம் வரும்போது பாதுகாப்பு வாதம் தலைகீழாகிறது. கூகுள் உருவாக்கிய இக்கருவி பயனற்றதன்று. ஒரு கன்டெய்னர் தனக்கு ஒதுக்கப்பட்ட செயலி நேரத்தைத் தீர்த்துவிட்டு எத்தனை முறை தடுத்து நிறுத்தப்பட்டது என்ற, மென்பொருள் மெதுவாவதன் காரணத்தை நேரே சுட்டும் அளவீட்டை அது தருகிறது. ஆனால் அதை இயக்கப் பரவலாகப் பரிந்துரைக்கப்படும் கட்டளை, சர்வரின் வேர் அடைவையும், டாக்கரின் தரவு அடைவையும், டாக்கர் சாக்கெட் இருக்கும் அடைவையும் உள்ளே இணைத்து, சிறப்புரிமை பெற்ற கன்டெய்னராக அதை இயக்குகிறது. டாக்கர் சாக்கெட் என்பது டாக்கர் சேவைக்குக் கட்டளையிடும் வாயில். அதனோடு பேச வல்ல நிரல், சர்வரின் வேர் அடைவை இணைத்துக்கொண்ட புதுக் கன்டெய்னர் ஒன்றை உருவாக்கிச் சர்வர் முழுவதையும் கைக்கொள்ள முடியும். படிக்க மட்டும் என்ற குறிப்போடு இணைத்திருப்பதால் ஆபத்தில்லை என்பது பரவலான பிழைநம்பிக்கை. அக்குறிப்பு, சாக்கெட் என்ற கோப்பை அழிப்பதையும் பெயர்மாற்றுவதையும்தான் தடுக்கும். அதன் வழியே கட்டளை அனுப்புவதைத் தடுக்காது. ஆக, பாதுகாப்புக்காகக் கன்டெய்னரைத் தேர்ந்தவர், தம் சர்வரில் இயங்கும் எல்லாவற்றிலும் அதிக அதிகாரம் பெற்ற கன்டெய்னரைக் கண்காணிப்பின் பெயரால் தாமே நிறுவியிருப்பார்.

வாயில்களைப் பற்றியும் ஒரு சொல். ஒற்றைக் கோப்பு அமைப்புகளில் புரோமிதியஸின் 9090, கிராஃபானாவின் 3000 ஆகிய போர்ட் எண்கள் வெளியே திறந்துவிடப்படுவது வழக்கம். உபுண்டு சர்வரில் யுஎஃப்டபிள்யூ என்னும் தீயரண் இயங்குகிறதே என்று நிர்வாகி ஆறுதலடையலாம். டாக்கர் தன் போர்ட்டுகளுக்கான விதிகளைக் கெர்னலின் வடிகட்டியில் தானே நேரடியாக எழுதிக்கொள்வதாலும், அவ்விதிகளின்படி திருப்பிவிடப்படும் போக்குவரத்து அத்தீயரணின் உள்வரவு விதிகளைத் தொடாமலே செல்வதாலும், மூடியதாக அவர் நினைக்கும் வாயில் உலகுக்குத் திறந்தே கிடக்கிறது. புரோமிதியஸில் கடவுச்சொல் கேட்கும் வசதியே 2021 ஜனவரியில் வந்த 2.24 பதிப்பில்தான் சேர்க்கப்பட்டது. இன்றும் அது தானாக இயங்குவதில்லை. கிராஃபானாவின் 8ஆம் பதிப்பு வரிசையில், கடவுச்சொல் ஏதுமின்றியே சர்வரின் கோப்புகளைப் படிக்க வழிவிட்ட பிழையொன்று 2021 டிசம்பரில் வெளிப்பட்டபோது, இப்படித் திறந்து கிடந்தவையே முதலில் ஆபத்துக்கு உள்ளாயின. போர்ட்டைச் சர்வரின் உள்முகவரியோடு மட்டும் பிணைக்க அமைப்புக் கோப்பில் ஒரு சிறு முன்னொட்டு போதும் என்பதை நினைத்தால், அது இவ்வளவு அரிதாகக் காணப்படுவது வியப்பே.

அடுத்தது, தூக்கி எறியத்தக்க தன்மை. ஒரு கன்டெய்னரை அழித்துவிட்டு அதே படிமத்திலிருந்து மற்றொன்றை உருவாக்கலாம் என்பது, தன்னிடம் நினைவு எதையும் வைத்துக்கொள்ளாத நிரலுக்கே வசதி. புரோமிதியஸோ நினைவே உருவானது. 2012இல் பெர்லினின் சவுண்ட்கிளவுட் நிறுவனத்தில் தொடங்கப்பட்டு, 2016இல் கிளவுட் நேட்டிவ் கம்ப்யூட்டிங் ஃபவுண்டேஷனில் குபர்நேட்டிஸுக்கு அடுத்து இரண்டாவது திட்டமாகச் சேர்ந்த இது, உள்ளூர் வட்டில் காலத்தொடர்த் தரவுத்தளம் ஒன்றை நடத்துகிறது. வந்து சேரும் அளவீடுகளை முதலில் நினைவகத்திலும் முன்பதிவுக் கோப்பிலும் வைத்திருந்து, இரண்டு மணி நேரத் தொகுதிகளாக வட்டில் எழுதி, பின்னர் அவற்றைப் பெருந்தொகுதிகளாக இணைக்கிறது. பெயரிட்ட சேமிப்பிடம் ஒன்றை ஒதுக்காமல் இயக்கினால், டாக்கர் பெயரற்ற சேமிப்பிடம் ஒன்றைத் தானே உருவாக்கிக் கொடுக்கும்; கன்டெய்னரை அகற்றிவிட்டு மீண்டும் எழுப்பும்போது புதிதாக இன்னொன்று பிறக்கும்; பழைய வரலாறு வட்டில் எங்கோ அனாதையாகக் கிடக்கும், அல்லது கன்டெய்னரோடு அழிந்திருக்கும். சேமிப்பிடத்தை முறையாக ஒதுக்கியவரும், வேறு கட்டளை தராவிடில் 15 நாள் தரவே தங்கும் என்ற இயல்பை மாற்றியிருக்கவேண்டும். இல்லையெனில் சென்ற மாதக் கடைசியின் நெரிசலோடு இம்மாதக் கடைசியை ஒப்பிட முடியாது. சமீபத்தியது என்று பொருள்படும் லேட்டஸ்ட் குறியோடு படிமத்தை இழுப்பவருக்கு வேறோர் இடர் காத்திருக்கிறது: 2017 நவம்பரில் புரோமிதியஸ் 2.0 வந்தபோது அதன் சேமிப்பு வடிவம் 1ஆம் வரிசையோடு ஒத்துப்போகவில்லை. பதிப்பைக் குறித்துப் பூட்டிவைக்காதவரின் அமைப்பு எங்கும் ஒரே மாதிரி இயங்கும் என்ற மூன்றாவது வாதத்தையும் இந்த ஒரு நிகழ்வே ஆட்டங்காணச் செய்கிறது.

ஆயினும் இவை அனைத்தையும் திருத்திவிட முடியும். ஒற்றைக் கோப்பு முறையின் மையக் குறையைத் திருத்த முடியாது. கண்காணிப்பவனும் கண்காணிக்கப்படுவதும் ஒரே சர்வரில், ஒரே டாக்கர் சேவையின் கீழ், ஒரே வட்டைப் பகிர்ந்து வாழ்வதே அக்குறை. டாக்கரின் இயல்பான பதிவேட்டு முறையில் கன்டெய்னர்களின் பதிவுக் கோப்புகளுக்கு அளவு வரம்பு இல்லை என்பதால், பிதற்றும் கன்டெய்னர் ஒன்று வட்டை நிரப்பலாம். நிரம்பிய அதே வட்டில் புரோமிதியஸும் எழுத முடியாமல் நிற்கும். டாக்கர் சேவையை மேம்படுத்த மறுதொடக்கம் செய்தால், சேவை நின்றாலும் கன்டெய்னர்களை ஓடவிடும் லைவ் ரிஸ்டோர் வசதி இயக்கப்படாதபோது, கண்காணிக்கப்படும் மென்பொருளோடு கண்காணிப்பும் சேர்ந்தே நிற்கும். நினைவகம் தீரும்போது கெர்னல் தேர்ந்தெடுத்துக் கொல்லும் பெரிய நிரல் புரோமிதியஸாகவே இருக்கலாம். அது மீண்டெழுந்து முன்பதிவுக் கோப்பை முழுவதும் படித்து முடிக்கும்வரை, சர்வரின் மிக நெருக்கடியான நிமிடங்களுக்குச் சாட்சி இருக்காது.

இது சிறு நிறுவனங்களின் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிட இயலாது. 2017 பிப்ரவரி 28 அன்று, அமேசானின் எஸ்3 சேமிப்புச் சேவையில், வடக்கு விர்ஜீனியாப் பகுதியில், பராமரிப்புக் கட்டளை ஒன்று பிழையான உள்ளீட்டோடு இயக்கப்பட்டதால் எண்ணியதைவிட அதிகமான சர்வர்கள் அகற்றப்பட்டு, சேவை முடங்கியது. சேவைகளின் நிலையை வாடிக்கையாளருக்கு அறிவிக்கும் பலகையின் நிர்வாகக் கருவியும் அதே எஸ்3ஐ நம்பியிருந்தது. அதனால் முடக்கம் தொடங்கிய காலை 9:37 முதல் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் அப்பலகையில் ஒவ்வொரு சேவையின் நிலையையும் மாற்ற முடியாமல் போனதை அந்நிறுவனமே தன் விளக்கத்தில் ஒப்புக்கொண்டது. அதற்கு நான்கு வாரம் முன்பு, ஜனவரி 31 அன்று, கிட்லேப் நிறுவனத்தின் முதன்மைத் தரவுத்தளம் தவறுதலாக அழிக்கப்பட்டபோது, நாள்தோறும் எடுக்கப்பட்டிருக்கவேண்டிய காப்புநகல்கள் பதிப்பு முரண்பாட்டால் தோல்வியுற்றே வந்திருந்தமை தெரியவந்தது. தோல்வியைத் தெரிவிக்கும் மின்னஞ்சல்கள் அனுப்பப்படாமல் இல்லை. அனுப்புநரைச் சரிபார்க்கும் டிமார்க் முறையில் தேறாததால் பெறுமிடத்தில் அவை நிராகரிக்கப்பட்டிருந்தன. முதல் நிகழ்வில் கண்காணிப்புப் பலகை நோயாளியோடு சேர்ந்து படுத்தது. இரண்டாவதில் எச்சரிக்கை எழுந்தும் வழியில் மடிந்தது. பத்து நிமிட அமைப்பில் இவ்விரண்டுக்கும் இடமுண்டு. அதிலும் அலர்ட்மேனேஜர் பெரும்பாலும் பெயருக்கு நிறுவப்பட்டு, பெறுநர் முகவரி மாதிரிக் கோப்பில் இருந்தபடியே விடப்படுகிறது.

இக்கருத்து ஏன் இவ்வளவு பரவியது என்றால், அதன் வெற்றி படமாகக் காட்டத்தக்கது என்பதே. வழிகாட்டிகள் யாவும் கிராஃபானாவின் வண்ணத் திரையோடு முடிகின்றன. 1860 என்ற எண்ணுடைய ஆயத்த முகப்பை இறக்கிய நொடியில் பல டஜன் வரைபடங்கள் துடிக்கத் தொடங்குகின்றன. அவற்றுள் எவை சர்வரைச் சேர்ந்தவை, எவை கன்டெய்னரைச் சேர்ந்தவை என்று திரை சொல்வதில்லை.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் குபர்நேட்டிஸிலிருந்து வருவது. நூற்றுக்கணக்கான சர்வர்களில் கன்டெய்னர்களை நிர்வகிக்கும் அவ்வமைப்பில் நோட் எக்ஸ்போர்ட்டர் ஒவ்வொரு சர்வரிலும் கன்டெய்னராகவே பரப்பப்படுகிறது. அது நன்றாகவே வேலைசெய்கிறது. உண்மைதான். ஆனால் அங்கே சர்வரின் வலையமைப்பையும் நிரல்பட்டியலையும் பகிரும்படி அறிந்தே விலை கொடுக்கப்படுகிறது. சர்வர்கள் அடிக்கடி பிறந்து மறைவதால் பரப்பும் வேலையைத் தானியங்கிக்கு விடவேண்டிய மெய்யான தேவை இருக்கிறது. டாலோஸ் போன்ற சில இயங்குதளங்களில் கன்டெய்னருக்கு வெளியே நிரலை நிறுவ இடமே இல்லை. மேலும் அச்சூழலின் ஆயத்தத் தொகுப்புகளில் வாட்ச்டாக் என்றோர் எச்சரிக்கை எப்போதும் ஒலித்துக்கொண்டே இருக்கும்படி வைக்கப்படுகிறது. அது நின்றுபோவதே கண்காணிப்பு செத்ததற்கு அடையாளம் என்று வெளியிலுள்ள ஒரு சேவை புரிந்துகொள்ளும். கட்டாயத்தால் செய்யப்பட்டு, ஈடுசெய்யும் ஏற்பாடுகளோடு இயங்கும் முறையை, இரண்டே சர்வர் வைத்திருப்பவருக்கு அந்த ஏற்பாடுகளை நீக்கிவிட்டுப் பரிந்துரைப்பதைத்தான் ஏற்க இயலாது.

ஆகவே, பிரிக்கவேண்டியது எதை என்பதே கேள்வி. அளக்கும் கருவியாகிய நோட் எக்ஸ்போர்ட்டர் சர்வரின் மேல் நேரடியாக, தனக்கெனத் தாழ்ந்த உரிமையுள்ள பயனர்கணக்கில், சிஸ்டம்டியின் கீழ் இயங்கட்டும். புரோமிதியஸும் கிராஃபானாவும் கன்டெய்னரில் இருப்பதில் தடையில்லை: பதிப்பு பூட்டப்பட்டிருக்கவேண்டும், சேமிப்பிடம் பெயரிடப்பட்டு, வலையமைப்பு வழிக் கோப்பு முறையாகிய என்எஃப்எஸ்ஸில் அன்றி உள்ளூர் வட்டில் இருக்கவேண்டும், போர்ட்டுகள் உள்முகவரியோடு பிணைக்கப்படவேண்டும், இவை எல்லாவற்றுக்கும் மேலாக, அவை கண்காணிக்கப்படும் சர்வரில் இருக்கக்கூடாது. ஒரே சர்வர் மட்டும் உடையவர் என்ன செய்வது என்று கேட்கப்படும். அவருக்கு ஐந்து கன்டெய்னர்களும் தேவையில்லை. வெளியிலிருந்து அவருடைய தளத்தை நிமிடத்துக்கு ஒருமுறை தட்டிப்பார்க்கும் சேவை ஒன்றும், வட்டின் எஞ்சிய இடத்தைச் சோதித்து எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் வெளிச்சேவைக்குத் துடிப்பனுப்பும் சிறு நிரல் ஒன்றும் இருந்தால், அவர் உறங்கும் நேரத்தில் வட்டு நிரம்பினாலும் சர்வரே வீழ்ந்தாலும் துடிப்பு நிற்கும். நின்றதைக் கண்டு அவரை எழுப்புவது வேறோர் இடத்தில், வேறொரு வட்டில், வேறொரு மின்இணைப்பில் இயங்கும் கணினியாக இருக்கும்.